யானை வரும் நேரம்

ஆப்ரா என்று ஒரு சமாசாரம் ஐரோப்பாவில் உண்டு. மேடையில் எல்லோரும் எல்லாவற்றையும் பாடித்தான் சொல்வார்கள். காதலிக்கிறேன் என்பதையும் பாடுவார்கள், கதவைச் சாத்து என்பதையும் பாடுவார்கள். சாவதென்றால் பத்து நிமிஷம் பாடிவிட்டுத்தான் சாவார்கள். பி.காம். படித்து, பாலன்ஸ் ஷீட்டிலிருந்து தப்பிப் பத்திரிகைக்கு வந்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு நண்பர் பென் டிரைவில் போட்டுக் கையில் திணித்துவிட்டார். "அழுவே, பாரு" என்றார்.

'லா டிராவியாட்டா' என்று பெயர். வெர்டி இசையமைத்து, 1853 மார்ச் 6ஆம் தேதி வெனிஸ் நகரத்தில் முதல்முறை மேடையேறியது. அன்றைக்கு ஊற்றிக்கொண்டது. காசநோயில் உருகிச் சாக வேண்டிய கதாநாயகியாக நடித்த அம்மாள் நல்ல புஷ்டியாக இருந்ததில் சபையே சிரித்துவிட்டதாம். நான் பார்த்தது 2005இல் ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் விழாவில் மேடையேறியதை அப்படியே படம் பிடித்தது. வெள்ளைச் சுவர், ஒரு பெரிய கடிகாரம், சிவப்பு உடையில் அன்னா நெட்ரெப்கோ. அவ்வளவுதான் மேடை.

கதை நமக்குப் புதிதில்லை. பணக்காரர்களின் கேளிக்கைப் பெண்ணாக இருக்கும் வயலெட்டாவை ஒரு நல்ல குடும்பத்துப் பையன் காதலிக்கிறான். இருவரும் சேர்ந்து வாழ்கிறார்கள். பையன் இல்லாத நேரம் பார்த்து அவனுடைய அப்பா வருகிறார். என் மகளுக்கு நல்ல இடத்தில் பேசி முடித்திருக்கிறோம், நீ என் பையனோடு இருக்கிற வரைக்கும் அந்தச் சம்பந்தம் நடக்காது, விலகிப் போய்விடம்மா என்கிறார். பெரிய மனுஷத்தனமாக, கண்ணில் நீர் வைத்துக்கொண்டு, உருக்கமாகப் பாடுகிறார். அவர் பாடியது இத்தாலி மொழியில். கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடியது. எனக்கு அது தேவைப்படவேயில்லை. அந்த அப்பாவைப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கல்யாண வீடுகளில் குறைந்தது ஆறு முறை பார்த்திருக்கிறேன்.

அழவில்லை. ஆனால் இரண்டு நாள் மண்டைக்குள் அந்தப் பெண்ணின் குரல் இருந்தது. நம்மிடம் இப்படி ஒன்று இல்லையே என்று நண்பரிடம் சொல்ல வாயெடுத்து, சட்டென்று நிறுத்திக்கொண்டேன். ஏன் இல்லை? விடிய விடியப் பாடியே காதலிக்கிற நாடகம் நம்மிடம் நூறு வருஷத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறதே. அதைப் படம் பிடித்தும் வைத்திருக்கிறார்களே. நமக்குத்தான் அதை 'ஆப்ரா' என்று அழைத்து மரியாதை கொடுக்கத் தோன்றவில்லை. 'வள்ளி திருமணம்.'

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதியது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரரானாலும் அவர் தாள வித்தையில் தேறியது புதுக்கோட்டையில், கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையிடம். அதனால் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு அவர் மேல் ஒரு பாத்தியதை உண்டு. அவருடைய பாய்ஸ் கம்பெனியில் பையனாகச் சேர்ந்து பின்னால் சினிமாவில் கொடிகட்டிப் பறந்த பி.யு.சின்னப்பாவும் புதுக்கோட்டைக்காரர்தான்.

இந்த நாடகம் இன்றைக்கு நடக்கிற முறைக்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர். கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது, டைரக்டர் கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து வருவார், பபூன் ஒரு பக்கம், டான்ஸ் ஒரு பக்கம், ஆர்மோனியக்காரர் ஒரு பக்கம். மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி என்று ஊருக்கு ஒரு நடிகர் சங்கம். திருவிழாக் கமிட்டிக்காரர்கள் யார் யார் வேண்டுமோ அவரவரைத் தனித்தனியாகத் தேதி வாங்கி, அட்வான்ஸ் கொடுத்து, போட்டோ போட்ட போஸ்டர் ஒட்டிவிடுவார்கள். அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு மேடைக்குப் பின்னால் பவுடர் பூசிக்கொள்ளும்போதுதான் முருகனும் வள்ளியும், "அண்ணே சௌக்கியமா, எந்தக் கட்டைல பாடுவீங்க?" என்று விசாரித்துக்கொள்வார்கள். பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடிகாலையில்தான் கல்யாணம். ஒத்திகை இல்லாமல் ஏழு மணி நேரம் காதலிக்க வேண்டும். பாட்டும் கதையும் எல்லோருக்கும் மனப்பாடம், மிச்சமெல்லாம் அந்த ராத்திரிக்கு விட்டது. சால்ஸ்பர்க்கில் இப்படிச் செய்யச் சொல்லிப் பாருங்கள், கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள்.

இதை நான் முழுசாக, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பார்த்தது போன வைகாசியில். அதுவும் டி.வி.யில். குடுமியான்மலையில் என் அத்தை வீட்டில்.

குடுமியான்மலை புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். ஊர்ப் பெயருக்கே ஒரு காதல் விவகாரம்தான் காரணம் என்று சொல்வார்கள். காதலி தலையில் வைத்த பூவை அர்ச்சகர் ராஜாவுக்குப் பிரசாதமாகக் கொடுத்துவிட, பூவில் ஒரு முடி. 'என்னய்யா இது?' என்று ராஜா கேட்க, 'சாமிக்குக் குடுமி உண்டு மகாராஜா' என்று அர்ச்சகர் அடித்துவிட, பக்தனைக் காப்பாற்ற லிங்கத்தில் நிஜமாகவே குடுமி வந்துவிட்டதாம். கோயில் மண்டபத்தில் ரதியும் மன்மதனும் ஆள் உயரத்தில் நிற்பார்கள். பத்துத் தலை ராவணனும் உண்டு. ஆனால் சங்கீதம் தெரிந்தவர்கள் இந்த ஊருக்கு வருவது குடைவரைக் கோயிலுக்குப் பக்கத்துப் பாறையைப் பார்க்க. ஏழாம் நூற்றாண்டு எழுத்து. 38 வரிகளில், ஏழு பகுதியாக, ச ரி க ம என்று சுரங்களை மட்டும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரே ஸ்வரத்தை ச, சி, சு, செ என்று நாலு விதமாக எழுதியிருக்கிறார்கள். ருத்ராசாரியார் என்பவரின் சீடனான ஒரு ராஜா, மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று கடைசியில் ஒரு குறிப்பு. ராஜா பேரைப் போட்டுக்கொள்ளவில்லை. மகேந்திரவர்ம பல்லவன்தான் என்று ரொம்ப நாள் சொன்னார்கள், பிறகு இல்லை என்று ஒரு கட்சி கிளம்பியது.

யாராயிருந்தாலும் சரி, 1300 வருஷத்துக்கு முன்னால் ஒருவருக்குப் பாட்டை எப்படியாவது பிடித்து வைத்துவிட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. ஸ்வரம் கிடைத்துவிட்டது. பாடிய குரல் கிடைக்கவில்லை, எதிரே உட்கார்ந்து கேட்டவர்கள் யார் என்பதும் கிடைக்கவில்லை.

அத்தைக்கு 74 வயது. என் அப்பாவுக்கு அக்கா. சின்ன வயதிலிருந்து சுற்றுவட்டாரத்தில் எங்கே நாடகம் போட்டாலும் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுகிற ஆள். இப்போது இரண்டு முட்டியும் போய்விட்டது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். பேத்திதான் செல்போனில் தேடி டி.வி.யில் போட்டுக் காட்டப் பழக்கியிருக்கிறாள். அதிலும் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். பகலில் பார்க்கக் கூடாது. ராத்திரி சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, பத்து மணிக்குத்தான் போட வேண்டும்.

"பகல்ல முருகன் எப்படி வருவான்?" என்றார்.

இன்னொரு சட்டம், ஓட்டக் கூடாது. ஒரு பாட்டைக்கூடத் தள்ளக் கூடாது.

முழு நாடகம் கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. 'வள்ளி திருமணம்' என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து விழுகிறது. பெரும்பாலும் பபூனும் டான்ஸும் அடிக்கிற கூத்துதான், பத்துப் பத்து நிமிஷமாக வெட்டியது. திருவிழாக்களைப் படம் பிடிக்கிற ஒரு வீடியோக்காரரிடம் பிற்பாடு இதைக் கேட்டேன். "தர்க்கத்தை யார் சார் பாக்கறா? ஒன்றரை மணி நேரம் பேசிக்கிட்டே இருப்பாங்க. டபுள் மீனிங்கா ஒரு பிட்டு வெட்டிப் போட்டா பிச்சுக்கிட்டுப் போகும்" என்றார். வியாபாரி பேச்சு, கணக்குப் பார்த்தால் சரிதான். ஆனால் அந்த பிட்டில் இருக்கிற டான்ஸ் பெண்ணின் முகம் அவர் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் போய்விடுகிறது. முன்பெல்லாம் அந்தப் பேச்சு அந்த ஊர் அந்த ராத்திரியோடு கரைந்துபோகும். இப்போது கரைவதில்லை.

மேடையில் நடிக்கிற பெண்களுக்கு இந்தக் கஷ்டம் நேற்று வந்ததில்லை. சூசன் சைசர் என்ற அமெரிக்கப் பெண்மணி மதுரையில் தங்கி இந்த நடிகர்களைப் பற்றி ஆராய்ந்து, 2005இல் ஒரு தடிப் புத்தகம் வெளியிட்டார். ராத்திரி முழுக்க அம்மனாகவும் வள்ளியாகவும் கும்பிடப்படுகிற பெண், காலையில் வேஷம் கலைத்த பிறகு எதிர்கொள்கிற அவமதிப்புதான் அதில் பெரும்பகுதி. வள்ளிக்குக் கையெடுத்துக் கும்பிடு. வள்ளியாக நடித்தவளை மருமகளாக எடுப்பாயா என்று கேட்டால் பேச்சை மாற்று.

சரி, நாடகத்துக்கு வருகிறேன்.

அத்தை நாற்காலியில், கால் நீட்டிக்கொள்ள முன்னால் ஒரு ஸ்டூல். நான் தரையில். பேத்தி கட்டிலில் செல்போனோடு. அவள் உள்ளூரிலேயே இருக்கிற வேளாண் கல்லூரியில் கடைசி வருஷம். டி.வி.க்கு மேலே மாமாவின் போட்டோ, சீரியல் பல்பு மாலையோடு. அத்தான், அதாவது அத்தையின் மகன், திண்ணையில் படுத்துக்கொண்டு, "விடிய விடிய இதே பொழப்பு" என்று முனகினார். அவருக்குக் கவலை வேறு. வருகிற ஞாயிற்றுக்கிழமை மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையன் வெளிநாட்டில் இருக்கிறான். நல்ல இடம். அந்தப் பெண் வீட்டில் யாரிடமும் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

வீடியோ முதலில் ஜனங்களைக் காட்டியது. துண்டு விரித்து உட்கார்ந்தவர்கள், போர்வையைத் தலையோடு போர்த்தியவர்கள், கடலை வண்டி, தூங்கிப்போன பிள்ளைகள். அத்தை சட்டென்று, "நிறுத்து நிறுத்து" என்றார். பேத்தி நிறுத்தினாள். முன்வரிசையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவி.

"அன்னவாசக்காரி. செத்து நாலு வருஷம் ஆச்சு" என்றார் அத்தை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ம், விடு" என்றார்.

ஆர்மோனியம் எடுத்தது. மிருதங்கம், ஜால்ரா, எல்லாச் சத்தத்தையும் தனியாளாகக் கொடுக்கிற ஆல்ரவுண்ட்காரர். பபூன் வந்தான், டான்ஸ் வந்தது. அத்தை அதற்கும் சிரித்தார், நன்றாகவே சிரித்தார். பேத்திக்குத்தான் கூச்சமாக இருந்தது. பன்னிரண்டு மணிக்கு மேல் வள்ளி வந்தாள். நாற்பதை நெருங்குகிற அம்மாள், பன்னிரண்டு வயசுப் பெண்ணாக. ஐந்து நிமிஷம் உறுத்தியது. அவர் பாட ஆரம்பித்ததும் வயசு எங்கேயோ போய்விட்டது. வெனிஸ்காரர்கள் அன்றைக்கு இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

ஒரு பாட்டு முடிவதற்குள் மைக்கில் அறிவிப்பு. இன்னார் வள்ளிக்கு அன்பளிப்பாக ரூபாய் நூறு, இன்னார் ஆர்மோனியத்துக்கு ஐம்பது. வள்ளி பாட்டை நிறுத்திக் கும்பிட்டு, நோட்டை வாங்கி, விட்ட அடியிலிருந்து பிடித்துக்கொண்டார். என் பி.காம். மூளை சும்மா இருக்குமா? விடியும்வரை கூட்டிக்கொண்டே வந்தேன். வள்ளிக்கு மொத்தம் 2,350. நாரதருக்கு 900. பங்குனியில் ஆரம்பித்து ஆடி வரைக்கும்தான் இவர்களுக்கு சீசன். அதற்குள் சம்பாதிப்பதுதான் வருஷம் முழுக்க. 2020 மார்ச் 25ஆம் தேதி நாடு பூட்டப்பட்டபோது பங்குனி பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அந்த வருஷத்து சீசனும் போனது, அடுத்த வருஷத்தையும் கொரோனா இரண்டாவது அலை கொண்டுபோனது. வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்த முருகன்கள் எத்தனை பேரோ.

ஒரு மணிக்கு நாரதர். இந்த நாடகத்தின் உயிர் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கிற தர்க்கம்தான். சினிமாவில் இதைக் காணமுடியாது. 1945இல் ஏவி.எம். எடுத்த 'ஸ்ரீவள்ளி'யில் டி.ஆர்.மகாலிங்கம் உச்சத்தில் பாடியதை இன்னும் பேசுகிறார்கள், பாட்டுக்காகவே ஓடிய படம். நாடகத்தில் பாட்டோடு பேச்சும் உண்டு. அந்தப் பேச்சு வழிவழியாக வந்தது பாதி, அன்றைக்கு அங்கேயே முளைப்பது பாதி. நாரதர் படித்தவராக இருக்க வேண்டும், வள்ளி அதைவிடப் படித்தவராக இருக்க வேண்டும்.

தனியாக ஒரு பெண்பிள்ளை காட்டில் காவல் காக்கலாமா என்று ஆரம்பித்தார் நாரதர். தினை இருக்கிறது, குருவி இருக்கிறது, கவண் இருக்கிறது, எப்படித் தனியாவேன் என்றாள் வள்ளி. பெண்ணென்று பிறந்தால் ஒருவன் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டாமா என்றார். பிடித்துக் கொடுக்க நான் என்ன ஆட்டுக்குட்டியா என்றாள். நாரதர் புராணத்திலிருந்து எடுத்துவிட்டார், வள்ளி குறளிலிருந்து திருப்பிக் கொடுத்தாள். நீங்கள் கல்யாணம் ஆகாமல்தானே மூன்று லோகமும் சுற்றுகிறீர்கள், உங்களை யாரும் கேட்பதில்லையே, என்னை மட்டும் ஏன் கேட்கிறீர்கள் என்றாள். கூட்டத்தில் பெண்கள் பக்கமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. கைத்தட்டல் இல்லை. 'ஆங்' என்று அடிவயிற்றிலிருந்து வருமே, அது. கேமராக்காரர் அந்தப் பக்கம் திரும்பவில்லை, ஆனால் மைக் அதைப் பிடித்துவிட்டது. குடுமியான்மலைப் பாறையால் முடியாதது அது.

கட்டிலில் செல்போன் வெளிச்சம் அணைந்திருந்ததை அப்போது கவனித்தேன்.

"மாமா, தினை எண்பது தொண்ணூறு நாள் பயிர். இவ எத்தனை வருஷமா காவல் காக்குறா?" என்றாள் பேத்தி இருட்டிலிருந்து.

"உங்க காலேஜ்ல சொல்லிக் குடுத்ததை அவகிட்ட சொல்லாத. அறுத்துட்டா கீழ எறங்கணும்ல" என்றார் அத்தை.

இரண்டரைக்கு வேடனாக முருகன் வந்தார். காணாமல் போன மானைத் தேடுகிற சாக்கு. இவர் பாட, அவர் பாட, அடிக்கு அடி ஏறிக்கொண்டே போனது. எனக்கு கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்கள் ஜோடியாக மேடையேறியது 1926இல் கொழும்பில், இதே 'வள்ளி திருமணம்'. அவருக்கு இருபது வயது, இந்த அம்மாளுக்குப் பதினெட்டு. மேடையில் பாடிய காதல் கீழேயும் இறங்கி வந்தது, அடுத்த வருஷமே கல்யாணம். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். தெய்வானை இருக்கும்போது நான் எதற்கு என்று ஒவ்வொரு ராத்திரியும் மேடையில் கேட்க வேண்டிய வள்ளி, வாழ்க்கையில் அந்தக் கேள்வியோடு குடித்தனம் நடத்தினாள். 1933 டிசம்பரில் கிட்டப்பா போனபோது அவருக்கு 27. சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறினார், இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அதற்கப்புறம் சினிமாவுக்கு அழைத்தவர்களிடம் ஒரு லட்சம் ரூபாய் கேட்டு வாங்கி, 1935இல் நந்தனாராகவே, ஆண் வேஷத்தில் நடித்தார். அந்தக் காலத்து ஒரு லட்சம்! ஜோடியாக நடிப்பதில்லை என்று சொல்லிவிட்டும் அந்த ரேட்டை வாங்கிய அம்மாளை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷமாக இருக்கும். இவர்கள் இருவரும் சேர்ந்து மேடையில் நின்ற ஒரு ராத்திரிகூடப் படமாக இல்லை. இசைத்தட்டுகள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

வேடனையும் வள்ளி விரட்டிவிட்டாள். அவன் வேங்கை மரமானான். பிறகு கிழவனாக வந்தான். பசிக்குத் தேனும் தினைமாவும் கொடுத்தாள், தாகத்துக்குத் தண்ணீர் காட்டினாள். கடைசியில் கிழவன் கல்யாணம் என்று ஆரம்பித்ததும் வெளுத்துவிட்டாள். மணி நாலரை. மூன்று பேர் வந்து கேட்டாகிவிட்டது. மூன்று பேருக்கும் பதில், மாட்டேன்.

அப்புறம்தான் யானை. தம்பிக்குப் பரிந்து வருகிற பிள்ளையார். இந்த நாடகத்தில் சாக்கைக் கறுப்பாக்கித் தைத்து, உள்ளே இரண்டு பேர் நுழைந்திருந்தார்கள். தும்பிக்கை ஒரு பக்கம் தொங்கியது. கூட்டத்தில் தூங்கிய பிள்ளைகளெல்லாம் விழித்துக்கொண்டு கத்தின. வள்ளி பயந்து ஓடிக் கிழவனைக் கட்டிக்கொண்டாள். யானையைப் போகச் சொல், நீ சொன்னதைக் கேட்கிறேன் என்றாள். யானை போனது. கிழவன் முருகனானான். மங்கள வாத்தியம். வீட்டுக்கு வெளியே எங்கள் ஊர்ச் சேவலும் கூவியது.

நான் கைத்தட்டப் போனேன். அத்தை டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ கடைசி வரைக்கும் மாட்டேன்னுதான் சொன்னா" என்றார்.

"கடைசில சரின்னாளே அத்தை."

"எப்பச் சொன்னா? யானை வந்தப்புறம்ல சொன்னா. அதுக்குப் பேரு சரியா?"

அறுபது வருஷமாக இந்த நாடகத்தைப் பார்த்து வருகிறவரிடம் நான் என்ன வாதம் செய்ய? முருகன் என்று தெரிந்த பிறகு அவள் சந்தோஷமாகத்தானே இருக்கிறாள், ஆன்மா இறைவனை அடைவதென்று பெரியவர்கள் சொல்வார்கள் என்றெல்லாம் ஏதோ சொன்னேன். அத்தை கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"அவளைக் கேக்கவாவது கேட்டாங்க, மூணு வேஷம் போட்டு வந்து. எங்கய்யா, அதான் உன் தாத்தா, மணப்பாறைச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போனவரு, அங்கயே பேசி முடிச்சிட்டு வந்துட்டாரு. மாட்டுக்குப் பல்லுப் புடிச்சுப் பாத்திருப்பாங்க. என்னை அதுவும் பாக்கலை. பதினேழு வயசு எனக்கு. யானைகூடத் தேவைப்படலை."

சொல்லிவிட்டு மாமாவின் போட்டோவை ஒரு பார்வை பார்த்தார். "நல்ல மனுஷன்தான். அது வேற" என்றார்.

சிரிக்கலாமா என்று தெரியவில்லை எனக்கு. அத்தை சிரிக்கவில்லை. கட்டில் பக்கம் திரும்பி, "ஏத்தா, தூங்கிட்டியா?" என்றார்.

"இல்லை அப்பத்தா."

"நாயித்துக்கிழமை வர்றாங்களே. உனக்கு என்ன?"

பதில் வர நேரமாயிற்று. டி.வி.யில் படம் முடிந்து அடுத்த விளம்பரம் எதுவோ ஓடிக்கொண்டிருந்தது.

"எம்.எஸ்சி. படிக்கணும். கோயமுத்தூர்ல."

"இதை உங்கப்பன்கிட்ட சொன்னியா?"

"அப்பா கேக்கலையே."

திண்ணையில் கயிற்றுக் கட்டில் கிரீச்சிட்டது. அத்தான் விழித்துக்கொண்டுதான் இருந்தார் போல. உள்ளே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசலில் வாளிச் சத்தம் கேட்டது.

நான் காலை பஸ்ஸில் கிளம்பிவிட்டேன். அடுத்த வாரம் போன் செய்து கேட்டேன்.

"வந்தாங்கப்பா. கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆச்சு. அவங்கம்மா நல்லவளாத்தான் தெரிஞ்சா. நான் எல்லார் முன்னாடியும் இவளைக் கேட்டேன், உனக்குச் சம்மதமா, வாயைத் தொறந்து சொல்லுன்னு. இப்ப வேணாம், ரெண்டு வருஷம் படிக்கணும்னா. பையனோட அப்பா காபி டம்ளரைக் கீழ வச்சிட்டாரு."

"அப்புறம்?"

"கலந்து பேசிட்டுச் சொல்றோம்னு போயிட்டாங்க. உங்க அத்தான் என்கிட்ட மூணு நாளாப் பேசலை. சோறு மட்டும் கேக்கறான்."

"பாப்பா?"

"ஏதோ பரீட்சைக்குப் பணம் கட்டணுமாம். ஓலைப்பொட்டியில இருந்ததைக் குடுத்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "நீ அடுத்த தடவை வர்றப்ப 'பவளக்கொடி' முழுசா கெடைச்சா கொண்டாப்பா. வெட்டுனது வேணாம்" என்றார்.

தேடிக்கொண்டிருக்கிறேன்.